வாக்கும் எழுத்தறிவும்: லவுண்ட்ஸ் கவுண்டி தரும் பாடம்

எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு வாக்குரிமை எதற்கு என்ற வினா, படித்தவர் கூடும் இடங்களில் இன்றும் கேட்கப்படுகின்றது. தாம் விரும்பாத தேர்தல் முடிவொன்று வந்துவிட்டால் அவ்வினாவின் ஓசை சற்று உயர்வதும் உண்டு. கற்றவர் கையில் வாக்கை ஒப்படைத்தால் நாடு நலம்பெறும் என்பது கேட்பதற்கு இனிய கொள்கை. கல்வியின்மீது பற்றுடைய எவருக்கும் அது கல்விக்குச் செய்யப்படும் மரியாதையாகவே தோன்றும். இக்கொள்கையை வெறும் தர்க்கமாக வைத்து வாதாடுவதினும், அது சட்டமாகவே இருந்த ஓரிடத்தின் சரித்திரத்தை எடுத்து நோக்குவது பயன் தரும் என்பது என் கருத்து. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில், அலபாமா மாநிலத்திலுள்ள லவுண்ட்ஸ் கவுண்டியை அதற்காகவே இங்கே எடுத்துக்கொள்கின்றேன்.

கவுண்டி என்பது மாநிலத்தின் உட்பிரிவு. ஆயினும் மேலிடத்திலிருந்து அனுப்பப்படும் உத்தியோகத்தர் அதனை ஆள்வதில்லை. அமைதி காக்கும் ஷெரிப், வரி மதிப்பவர், வரி திரட்டுபவர், பாடசாலைகளை நடத்தும் சபையினர் ஆகியோர் அவ்விடத்து வாக்காளராலேயே தெரிவுசெய்யப்படுவர். ஆகவே ஒரு கவுண்டியில் வாக்கு யாரிடம் உள்ளதோ அவரிடமே சிறைச்சாலையின் திறப்பும், வரிப்பணமும், பள்ளிக்கூடமும் உள்ளன. இதனை மனத்தில் இருத்திக்கொண்டாற்றான் பின்வரும் கதை விளங்கும்.

1830ஆம் ஆண்டில், தென் கரோலினாவைச் சேர்ந்த வில்லியம் லவுண்ட்ஸ் என்னும் அரசியலாளரின் பெயரால் இக்கவுண்டி அமைக்கப்பட்டது. அதன் தலைநகர் ஹெயின்வில் என்னும் சிற்றூர். நிறத்தாற் கரியதும் செழிப்பு மிக்கதுமான களிமண் நிலம் அது. அம்மண் பருத்தியை விளைவித்தது. பருத்தி அடிமைகளை வரவழைத்தது. 1860ஆம் ஆண்டின் குடிசனமதிப்பின்படி அங்கு வாழ்ந்த ஏறக்குறைய 27,700 பேரில் 19,300க்கு மேற்பட்டோர் அடிமைகள். உள்நாட்டுப் போரின் பின் அவர்கள் விடுதலை பெற்றனர். ஆண்களுக்கு வாக்குரிமையும் கிடைத்தது. நேற்றுவரை விற்கவும் வாங்கவும் பட்ட மனிதர், எழுத்தறிவில்லாத நிலையிலேயே வாக்களித்தனர். தம்மவரைப் பதவிகளுக்கும் அனுப்பினர். 1900ஆம் ஆண்டுவரையும், அச்சுறுத்தலுக்கும் மோசடிக்கும் நடுவே, ஐயாயிரத்துக்கு மேற்பட்ட கறுப்பினத்தார் அக்கவுண்டியில் வாக்காளராய் இருந்தனர்.

1901இல் அலபாமா மாநிலம் புதிய அரசியலமைப்பை இயற்றிக்கொண்டது. வாக்காளராவதற்கு எழுத்தறிவு அல்லது சொத்து வேண்டும், ஆண்டுதோறும் ஒன்றரை டொலர் தலைவரி செலுத்தியிருக்க வேண்டும் என்பன அதன் விதிகளுட் சில. தவறிய ஆண்டுகளின் வரி நிலுவையாய்ச் சேர்ந்துகொண்டே போகும். அதில் எங்கும் நிறத்தின் பெயர் சொல்லப்படவில்லை. பார்ப்பதற்கு அது யாவருக்கும் பொதுவான கல்வித் தகைமையாகவே இருந்தது. இவ்வரசியலமைப்பை மக்கள் ஏற்கின்றனரா என்று வாக்கெடுப்பு நடத்தியபோது, கறுப்பினத்தார் பெரும்பான்மையினராய் வாழ்ந்த கருமண் வட்டாரக் கவுண்டிகளிலிருந்தே பெருந்தொகையான ஆதரவு வாக்குகள் வந்து சேர்ந்தன. தம் உரிமையைப் பறிக்கும் சட்டத்தைத் தாமே விரும்பி ஏற்றனர் என்று காட்டும்படி அவர்கள் பெயரால் பெட்டிகள் நிரப்பப்பட்டன. அதன் பின்னர் லவுண்ட்ஸில் ஐயாயிரம் அறுபதுக்கும் குறைந்தது. சில பத்தாண்டுகளில் அறுபது சுழியமாயிற்று.

இவ்விடத்தில் இலக்கிய அன்பர் அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1906ஆம் ஆண்டில் டபிள்யூ. ஈ. பி. டு போய்ஸ் என்னும் பேரறிஞர், மத்திய அரசின் தொழிற் பணியகத்தின் சார்பில் இக்கவுண்டிக்கு வந்தார். வீடுவீடாய்ச் சென்று ஆராய்வதற்கு உதவியாளரை அமர்த்தினார். யாருக்கு நிலம் உண்டு, யார் யாருக்குக் கடன்பட்டிருக்கின்றார், எவ்வளவு விளைகின்றது, எவ்வளவு குத்தகையாகப் போகின்றது, வாக்கு எங்கே போயிற்று என்பனவற்றையெல்லாம் கணக்கெடுத்தார். தாம் செய்த சமூகவியற் பணிகளுள் மிகச் சிறந்தவற்றுள் ஒன்றாக அதனை அவர் மதித்தார். பணியகமோ அரசியல் விடயங்களைத் தொடுகின்றது என்று கூறி அதனை வெளியிட மறுத்தது. கையெழுத்துப் படியும் அழிக்கப்பட்டது. 1911இல் அவர் ஒரு நாவல் எழுதி வெளியிட்டார். அலபாமாவின் பருத்தி நிலமே அதன் களம். வெள்ளிக் கம்பளியைத் தேடும் பயணம் என்று அதன் பெயருக்குப் பொருள் கூறலாம். புள்ளிவிபரமாகச் சொல்லவிடாத உண்மை கதையாக வெளிவர நேர்ந்தது. நாவல் நமக்கு எஞ்சியது பேறுதான். ஆயினும் அழிந்த அந்த ஆராய்ச்சியை எண்ணுந்தோறும் என் மனம் வருந்தாமலில்லை. ஒரு சனசமூகத்தின் நிலையை எண்களால் எழுதிவைப்பதும் அதற்கு வாக்கைப்போன்ற ஓர் ஆயுதமே. அதனை அறிந்தவர்களே அதனை அழித்தனர்.

எழுத்தறிவில்லாதோர்க்கு வாக்கில்லை என்று விதித்த அரசு, எழுத்தறிவைப் பரப்ப முயன்றதா என்று கேட்பது நியாயமே. லவுண்ட்ஸில் கறுப்பினப் பிள்ளைகளுக்கான பொதுப் பாடசாலைகள் பெரும்பாலும் ஓரறைக் கொட்டில்கள். பருத்தி பறிக்கும் பருவத்துக்கு ஏற்பவே அவை திறந்தன, மூடின. குறிப்பிடத்தக்க கல்விக்கூடமாக எழுந்த கல்ஹூன் பாடசாலையை 1892இல் நிறுவியவர் வடபகுதியிலிருந்து வந்த சார்லற் தோர்ன், மேபல் டில்லிங்ஹாம் என்னும் இரு பெண்மணிகள். அவர்களுக்குத் துணை நின்றவர் புக்கர் ரி. வாஷிங்ரன். அப்பாடசாலையார் எழுத்தும் தொழிலும் கற்பித்ததோடு நில்லாமல், நிலங்களை வாங்கிச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் குத்தகைக் குடும்பங்களுக்கு விற்றனர். அறுபது எழுபது ஆண்டுகள் கழித்து வாக்குரிமைக்காக முன்வந்தோரிற் பலர் சொந்த நிலம் உடையவராய் இருந்தமை தற்செயலன்று. பிறர் நிலத்தில் குடியிருப்பவன் வாக்குக் கேட்டால் மறுநாளே வீதியில் நிற்பான். தன் நிலத்தில் நிற்பவனை அவ்வாறு எழுப்ப முடியாது. 1935இல் கூலி உயர்வு கேட்டுப் பருத்தித் தொழிலாளர் செய்த வேலைநிறுத்தம் இரத்தத்தில் முடிந்ததை அக்கவுண்டி மறந்திருக்கவில்லை. குருதி படிந்த லவுண்ட்ஸ் என்று அயலார் அதற்கு இட்ட பெயர் வெறும் அலங்காரமன்று.

இப்போது 1965ஆம் ஆண்டின் தொடக்கத்துக்கு வருவோம். கவுண்டியின் சனத்தொகை ஏறக்குறைய 15,000. அவருள் நூற்றுக்கு எண்பதின்மர் கறுப்பினத்தார். வயதால் வாக்களிக்கத் தகுதி பெற்ற கறுப்பினத்தார் ஐயாயிரத்துக்கு மேல். வாக்காளர் இடாப்பிலோ அவருள் ஒருவர் பெயர்தானும் இல்லை. அதே இடாப்பில் வெள்ளையர் பெயர்கள், வயது வந்த வெள்ளையரின் தொகையில் நூற்றுக்கு 118 வீதம் இருந்தன! இறந்தவரும் ஊரைவிட்டுப் போனவரும் வாக்காளராக நீடித்தனர். உயிரோடு வயலில் நின்றவர் இல்லாதவராயினர். எழுத்தறிவுத் தேர்வு என்று ஒன்று நடைமுறையில் இருந்த இடத்திற்றான் இந்த இடாப்பும் இருந்தது என்பதை வாசகர் கவனிக்க வேண்டும்.

தேர்வு எவ்வாறு நடந்தது? பதிவுக் காரியாலயம் மாதத்தில் இரண்டு நாட்களே திறக்கப்படும். விண்ணப்பிப்பவன் நீண்ட படிவத்தை நிரப்ப வேண்டும். அரசியலமைப்பைப் பற்றிய வினாக்களுக்கு விடை சொல்ல வேண்டும். முன்பே வாக்காளராயுள்ள ஒருவர் அவனுக்காகச் சாட்சி கூறவும் வேண்டும். கறுப்பின வாக்காளர் ஒருவருமே இல்லாத கவுண்டியில் அத்தகைய சாட்சியை எங்கே தேடுவது? விடை சரியா பிழையா என்று தீர்ப்பவர் பதிவதிகாரி. அவர் தீர்ப்புக்குக் காரணம் கேட்பாரில்லை. பரீட்சை என்பதன் இலக்கணத்தை நன்கறிந்த ஆசிரியர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. பரீட்சகரே மாணவனின் தோல்வியால் இலாபமடைபவராயின், அதனைப் பரீட்சை என்று அழைப்பது சொல்லுக்கு இழைக்கும் தீங்கு.

அவ்வாண்டு மார்ச் மாதம் முதலாம் திகதி, ஜோன் ஹ்யூலெற் முதலிய சிலர் ஹெயின்வில் நீதிமன்றத்துக்குச் சென்று பதிவு கேட்டனர், திருப்பி அனுப்பப்பட்டனர். இரண்டு வாரங்களின் பின் இருவர் பெயர் மட்டும் பதியப்பட்டது. அவ்விருவருள் ஹ்யூலெற் ஒருவர். அதே மாதத்தில் மாட்டின் லூதர் கிங் தலைமையில் செல்மாவிலிருந்து மொன்ற்கோமரிக்கு நடந்த பேரணி, இக்கவுண்டியின் ஊடாகச் செல்லும் 80ஆம் நெடுஞ்சாலை வழியே சென்றது. வீதி ஒடுங்கிய பகுதியில் முந்நூறு பேர் மட்டுமே நடக்கலாம் என்பது நீதிமன்றின் கட்டளை. மார்ச் 25ஆம் திகதி பேரணி முடிந்த இரவு, நடந்தோரைத் தம் மோட்டார் வண்டியில் ஏற்றியிறக்கி உதவிய வயோலா லியூசோ என்னும் வெள்ளையின மாது, ஐந்து பிள்ளைகளின் தாய், அந்நெடுஞ்சாலையிற் சுட்டுக் கொல்லப்பட்டார். ஓகஸ்ட் 20ஆம் திகதி, சிறையிலிருந்து விடுவிக்கப்பட்ட சிறிது நேரத்துள், ஜொனதன் டானியல்ஸ் என்னும் இளம் இறையியல் மாணவர் ஹெயின்வில்லிற் கொல்லப்பட்டார். பதினேழு வயதுடைய கறுப்பினப் பெண்ணொருத்தியைத் தள்ளிவிட்டு, அவளுக்கு வந்த குண்டைத் தாம் ஏற்றுக்கொண்டார் அவர். சுட்டவன் குற்றமற்றவன் என்று வெள்ளையரே நிறைந்த யூரிமார் தீர்த்தனர். யூரிமார் பட்டியலில் கறுப்பினத்தாருக்கு இடமில்லை. பெண்கள் யூரர் ஆவதற்கோ மாநிலச் சட்டமே தடை. அவ்வநீதியை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில், 1966இல் மத்திய நீதிமன்றம் இரு விலக்குகளையும் செல்லாதவையாக்கியது.

1965 ஓகஸ்ட் 6ஆம் திகதி சனாதிபதி லிண்டன் ஜோன்சன் வாக்குரிமைச் சட்டத்தில் ஒப்பமிட்டார். எழுத்தறிவுத் தேர்வு அத்தகைய இடங்களில் நிறுத்திவைக்கப்பட்டது. மத்திய அரசின் பதிவதிகாரிகள் வந்திறங்கிய முதற் கவுண்டிகளுள் லவுண்ட்ஸும் ஒன்று. ஓராண்டு முடிவதற்குள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கறுப்பினத்தார் வாக்காளராயினர். பதிந்தமைக்காகக் குடியெழுப்பப்பட்ட குடும்பங்கள் நெடுஞ்சாலையோரத்திற் கூடாரமிட்டு வாழ்ந்தன. இரவிற் கூடாரங்களை நோக்கித் துப்பாக்கிகள் வெடித்தன. மழையிலும் குளிரிலும் ஈராண்டளவு அவ்வாறு வாழ்ந்தும் தம் பெயரை வெட்டிவிடும்படி அவர்கள் கேட்கவில்லை. வாக்கின் மதிப்பை அறியாதவர் என்று எவர் இவர்களைச் சொல்லத் துணிவார்?

இனி, இக்கட்டுரையின் உயிர்நாடியாக நான் கருதும் பகுதிக்கு வருகின்றேன். அலபாமாவின் சனநாயகக் கட்சி அக்காலத்திற் கொண்டிருந்த சின்னம் ஒரு சேவல். வெள்ளையர் மேன்மையைப் போற்றும் வாசகம் அதன்மேற் பொறிக்கப்பட்டிருந்தது. அக்கட்சியிற் சேர்ந்து போட்டியிடலாமோ என்றால், வேட்பாளர் கட்டணத்தை ஐம்பது டொலரிலிருந்து ஐந்நூறாக உயர்த்திவிட்டனர். ஆகவே ஸ்ரோக்லி கார்மைக்கேல் முதலிய மாணவர் இயக்கத்தினரின் துணையோடு, அக்கவுண்டி மக்கள் தமக்கென லவுண்ட்ஸ் கவுண்டி விடுதலை அமைப்பு என்னும் கட்சியைக் கண்டனர். எழுதப் படிக்கத் தெரியாத வாக்காளருக்காகக் கட்சி ஒவ்வொன்றும் ஒரு சின்னம் வைத்திருக்க வேண்டும் என்பது அம்மாநில வழக்கம். சின்னம் பார்த்து வாக்களிக்கும் நமக்கு இது புதிதன்று. அவர்கள் தேர்ந்துகொண்ட சின்னம் கருஞ்சிறுத்தை. பின்னர் 1966 ஒக்ரோபரில் கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் தோன்றி உலகெங்கும் பேசப்பட்ட கட்சி, தன் பெயரையும் சின்னத்தையும் இந்தக் கிராமத்து விவசாயிகளிடமிருந்தே பெற்றது.

சின்னத்தினும் மேலாக என்னைக் கவர்ந்தது அவர்கள் நடத்திய கல்வி முயற்சி. ஷெரிப் என்பவர் யார், அவர் செய்யத்தக்கது எது, செய்யத்தகாதது எது, வரி மதிப்பவர் ஒருவருக்குக் குறைத்தும் ஒருவருக்குக் கூட்டியும் மதித்தால் என்ன விளையும் என்பனவற்றைப் படக்கதைகளாக வரைந்து சிறு நூல்களாக்கி வீடுதோறும் கொடுத்தனர். எழுத்துக்கூட்ட முடியாதவரும் படம் பார்த்து அறிந்தனர். தேவாலயங்களிற் கூடி அவற்றைப்பற்றி விவாதித்தனர். வாக்குரிமை கையில் வந்த பின்னரே இவ்வளவு கற்பித்தலும் நிகழ்ந்தது. உரிமைக்கு முன் கல்வி என்ற காலத்தில் அறுபது ஆண்டுகளாக ஒருவரும் அவர்களுக்கு அரசியல் கற்பிக்க வரவில்லை. கற்பிப்பதால் ஆட்சியாளருக்கு இழப்பே இருந்தது. உரிமை வந்ததும் ஓராண்டுக்குள் ஒரு கவுண்டி முழுவதும் வகுப்பறையாயிற்று. கல்வி பெற்றபின் வாக்கு என்பாருக்கு என் விடை இதுவே: வாக்கில்லாதவனுக்குக் கல்வி கொடுக்க வேண்டிய தேவை ஆட்சியாளனுக்கு ஏற்படுவதேயில்லை.

1966 நவம்பர்த் தேர்தலில் அக்கட்சியின் வேட்பாளர் எழுவரும் தோற்றனர். தோட்டக்காரர் தம் குத்தகைக் குடிகளை லொறிகளில் ஏற்றிவந்து வெள்ளையருக்கு வாக்களிக்கச் செய்தனர். சட்டம் தேர்வைத் தான் நீக்கியது. வயிற்றுப் பயத்தை நீக்கவில்லை. ஆயினும் 1970இல் ஜோன் ஹ்யூலெற் ஷெரிப் பதவிக்குத் தெரிவுசெய்யப்பட்டார். ஐந்தாண்டுகளுக்கு முன் நீதிமன்ற வாயிலிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர், அதே நீதிமன்றத்தின் கட்டளைகளை நிறைவேற்றும் அதிகாரியானார். இருபதாண்டுகளுக்கு மேலாக அப்பதவியை வகித்தார்.

தேர்தற் புள்ளிவிபரங்களைப் படிப்போர் லவுண்ட்ஸைக் கண்டு வியப்பதுண்டு. அலபாமா மாநிலம் அண்மைய சனாதிபதித் தேர்தல்கள்தோறும் குடியரசுக் கட்சிக்கே பெரும்பான்மை அளித்துவர, இக்கவுண்டி சனநாயகக் கட்சிக்கு வாக்களித்துவருகின்றது. 2020இல் அக்கட்சி பெற்றது நூற்றுக்கு எழுபதுக்கு மேல். 1964இலோ சனாதிபதி ஜோன்சனின் பெயர் அம்மாநில வாக்குச்சீட்டிலேயே இருக்கவில்லை. லவுண்ட்ஸின் வாக்கு முழுவதும் வெள்ளையரின் வாக்காகவே இருந்தது. பழைய கணக்கையும் புதிய கணக்கையும் அருகருகே வைத்து, மக்கள் மனம் மாறிவிட்டது என்று ஒருவர் முடிவுகட்டலாம். பெரும்பாலும் மாறியது மனமன்று. எண்ணப்பட்ட மனிதர் மாறினர். ஒரு நாட்டின் பழைய தேர்தல் முடிவுகளைச் சான்று காட்டும் மாணவர், அக்காலத்தில் வாக்களிக்க விடப்பட்டவர் யார் என்பதை முதலிற் கேட்கப் பழக வேண்டும். அவ்வினாவைக் கேளாத சரித்திரம், திறப்பு யார் கையில் இருந்ததோ அவர் எழுதிய சரித்திரமாகவே முடியும்.

வாக்கு வந்ததும் துன்பமெல்லாம் தீர்ந்துவிட்டதோ என்று கேட்போரும் உளர். தீரவில்லை. 1900இல் 35,651ஆக இருந்த சனத்தொகை, 2020இல் 10,311ஆகக் குறைந்துவிட்டது. பருத்தி வண்டின் அழிவும் வறுமையும் அச்சமும் மக்களை டிற்றோயிற் முதலிய வட நகரங்களுக்குத் துரத்தின. பருத்தியைச் செழிக்கச் செய்த அதே களிமண் நீரை உள்வாங்குவதில்லை. பலர் வீடுகளின் கழிவுநீர் முற்றத்திலேயே தேங்குகின்றது. 2017இல் வெளியான ஆய்வொன்றில், பரிசோதிக்கப்பட்ட 55 பேருள் 19 பேரிடம் கொக்கிப்புழுவின் தடயம் காணப்பட்டது. கதரின் கோல்மன் பிளவர்ஸ் என்னும் அக்கவுண்டியின் மகள் பல ஆண்டுகள் முயன்றதன் பயனாக அக்குறை உலகறிந்தது. 2023இல் மத்திய நீதித் திணைக்களம் மாநிலச் சுகாதாரத் திணைக்களத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டது. 2025 ஏப்ரலில், ஆட்சி மாறிய பின், அவ்வுடன்படிக்கை முடிவுறுத்தப்பட்டது. 1965ஆம் ஆண்டுச் சட்டமும் பழைய வலிமையோடு இல்லை. வாக்குரிமையைப் பறித்த வரலாறுடைய மாநிலங்கள் தம் தேர்தல் விதிகளை மாற்றுமுன் மத்திய அரசின் இசைவைப் பெறவேண்டும் என்ற ஏற்பாட்டை 2013இல் உச்ச நீதிமன்றம் செயலற்றதாக்கியது. அவ்வழக்கைத் தொடுத்ததும் அலபாமாவின் இன்னொரு கவுண்டியே. ஷெல்பி என்பது அதன் பெயர்.

இவற்றைக் காட்டி, வாக்கினால் என்ன கண்டோம் என்று சலிப்போர் உண்டு. வறியதொரு கவுண்டி தன் ஷெரிபைத் தானே தெரிவுசெய்யலாம். கழிவுநீர் வாய்க்கால்களுக்கு வேண்டிய பெரும்பணம் மாநிலத் தலைநகரிலும் வாஷிங்ரனிலும் அன்றோ இருக்கின்றது? அங்கே அவர்கள் சிறுபான்மையினர். வாக்கு ஒருவனுக்கு வயிறு நிறைய உணவு தருவதில்லை என்பது மெய். ஆனால், அது இல்லாத காலத்தில் அவனைக் கொன்றவனுக்குத் தண்டனையும் இல்லை, அவன் பிள்ளைக்குப் பள்ளியும் இல்லை, அவனைப்பற்றி எழுதிய ஆராய்ச்சிக்கு அச்சும் இல்லை. இன்று அக்கழிவுநீரைப்பற்றி உலகம் பேசுகின்றதென்றால், பேச வல்லவரை அம்மண் உருவாக்கியிருப்பதே காரணம்.

அறியாமை கேடு என்பதில் எனக்கு ஐயமில்லை. அதனை நீக்கும் கடமை நம்மைப்போன்ற படித்தவர்க்கு உரியது. அதனைக் காரணங்காட்டி அயலான் கையிலுள்ள வாக்குச்சீட்டைப் பிடுங்கும் உரிமை எவர்க்கும் உரியதன்று. எழுத்தறிவில்லாதவனுக்கு வாக்கு எதற்கு என்று அடுத்த முறை எவரேனும் கேட்டால், இதனைப் படித்த ஆசிரியர்கள் அவரிடம் மறுவினா ஒன்று கேட்க வேண்டும்: அந்தப் பரீட்சையின் வினாத்தாளைத் தயாரிப்பவர் யார், விடைத்தாளைத் திருத்துபவர் யார்?